நூறு ரூபாயை ஏற்றியது யார்? பெங்களூரில் தண்ணி, குப்பை, பஸ், மெட்ரோ ரேட் முடிவாகும் கதை

2025 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லிங்கராஜபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் பில்டிங்கின் மாடிப்படியில் ஒரு கூட்டம் நடந்தது. ஓனர் அம்மா கோடு போட்ட நோட்டோடு உட்கார்ந்திருந்தார். நாலு வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு படியில். தண்ணீருக்கும் குப்பைக்கும் சேர்த்து வீட்டுக்கு இருநூறு ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தோம், இனி முந்நூறு என்றார். கோலார் தங்கவயலிலிருந்து வந்த மேல் வீட்டு கேஜிஎஃப்காரர் உடனே, "ஏம்மா, ஒரே தடவையில நூறா?" என்று ஆரம்பித்தார். ஓனர் அம்மா ஒன்றும் பேசாமல் நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. நாலு வீட்டுக்கும் ஒரே காவேரி இணைப்பு, ஒரே மீட்டர், மாதம் சுமார் 40,000 லிட்டர். பழைய ரேட்டில் முதல் 8,000 லிட்டருக்கு ஆயிரத்துக்கு 7 ரூபாய், அதற்கு மேல் 25,000 வரை 11 ரூபாய், அப்புறம் 50,000 வரை 26 ரூபாய். கூட்டினால் 633. ஏப்ரலில் வந்த புது ரேட்டில் இதே மூன்று படிகள் 8.50, 15, 34 ஆகிவிட்டன. கூட்டினால் 833. தண்ணீருக்கு மட்டும் இவ்வளவு, சாக்கடைக் கட்டணம் தனி. இருநூறு ரூபாய் ஏற்றத்தை நாலு வீட்டுக்குப் பிரித்தால் தலைக்கு ஐம்பது. அடுத்து குப்பை. ஏப்ரலில் இருந்து வீட்டு வரியோடு சேர்த்து வாங்கும் புதுக் கட்டணம், 2,001 சதுர அடியிலிருந்து 3,000 வரை உள்ள பில்டிங்குக்கு மாதம் 150 ரூபாய். எங்கள் பில்டிங் 2,400. நாலால் வகுத்தால் முப்பத்தெட்டு. ஆக எண்பத்தெட்டு, மோட்டார் கரண்டையும் சேர்த்து ரவுண்டாக நூறு.

இந்த இடத்தில் கேஜிஎஃப்காரர் ஒரு கேள்வி கேட்டார். "சரிம்மா, இத யாரு முடிவு பண்ணாங்க? கார்ப்பரேட்டர் கிட்டப் போய்க் கேக்கலாமா?"

போய்க் கேட்க முடியாது. ஏன் முடியாது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்ல ஆரம்பித்தால் கொஞ்சம் நீளும்.

முதல் காரணம், கார்ப்பரேட்டரே இல்லை. பெங்களூர் மாநகராட்சிக்கு, அதாவது பிபிஎம்பிக்கு, கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015இல். அந்தச் சபையின் ஐந்து வருஷம் 2020 செப்டம்பர் 10ஆம் தேதி முடிந்தது. அதன்பிறகு 198 வார்டை 243 ஆக்குகிறோம் என்றார்கள், ஆட்சி மாறியதும் 225 என்றார்கள், இட ஒதுக்கீட்டுப் பட்டியல் கோர்ட்டுக்குப் போனது, கடைசியில் 2025 செப்டம்பர் 2ஆம் தேதி பிபிஎம்பியே போய் மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. ஆக ஐந்து வருஷத்துக்கு மேல் ஹட்சன் சர்க்கிள் பக்கத்தில் இருக்கும் சபை மண்டபத்தில் வாக்கு வாங்கிய ஒருவரும் உட்காரவில்லை. அரசு நியமித்த அதிகாரியே சபை. 2025-26க்கான பிபிஎம்பி பட்ஜெட் ஏறக்குறைய 19,900 கோடி ரூபாய். அதையும் அதிகாரிகளே போட்டார்கள், அதிகாரிகளே வாசித்தார்கள், அதிகாரிகளே ஒப்புதல் கொடுத்துக்கொண்டார்கள். குப்பைக் கட்டணம் இந்தக் காலத்தில்தான் வந்தது. சபை இருந்திருந்தால் அங்கே விவாதித்தே தீரவேண்டிய விஷயம் இது. 600 சதுர அடி வரை பத்து ரூபாய், 4,000க்கு மேல் 400 ரூபாய் என்று படி வைத்திருக்கிறார்களே, எங்களைப் போல ஒரே பில்டிங்கில் ஆளுக்கு 600 சதுர அடியில் நாலு குடும்பம் இருந்தால் அது நாலு பத்து ரூபாயா, ஒரு நூற்றைம்பதா என்று எழுந்து கேட்க ஒரு ஆள் வேண்டாமா?

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. கார்ப்பரேட்டர் இருந்திருந்தாலும் தண்ணீர் ரேட்டைப் பற்றி அவரால் ஒன்றும் செய்திருக்க முடியாது. தண்ணீர் கார்ப்பரேஷன் கையில் இல்லை. 1964இல் சட்டம் போட்டு வாட்டர் போர்டைத் தனியாக அமைத்தார்கள், அதற்கு முன்னால் ஊருக்குள் தண்ணீரைப் பகிர்ந்துகொடுக்கும் வேலை கார்ப்பரேஷனிடம்தான் இருந்தது. இன்று போர்டின் தலைவரை நியமிப்பது மாநில அரசு, ரேட்டை ஏற்ற அனுமதி கொடுப்பதும் மாநில அரசு. கரண்ட் பெஸ்காம் கையில், வயதானவர்கள் வாயில் இன்னும் கேஇபி. பஸ் பிஎம்டிசி, அவர்களுக்கு அது இன்னும் பிடிஎஸ். இரண்டும் மாநில அரசு நிறுவனங்கள். மெட்ரோ மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாக நடத்தும் கம்பெனி. கடைசியில் கார்ப்பரேஷனுக்கு மிஞ்சுவது தெரு, தெருவோர மழைநீர் வடிகால், பூங்கா, தெருவிளக்கு, குப்பை, அப்புறம் கந்தாயம் என்று இங்கே சொல்லும் வீட்டு வரி. 1993இல் அமலுக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று 18 வேலைகளைப் பட்டியல் போட்டது, குடிநீரும் அதில் உண்டு. ஆனால் அதில் இருக்கும் சொல் 'ஒப்படைக்கலாம்'. 'ஒப்படைக்கவேண்டும்' என்று இல்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியாகிவிட்டது.

தண்ணீர் வரவில்லை என்றால் கார்ப்பரேட்டர் வாட்டர் போர்டு இஞ்சினியருக்குப் போன் போடுவார். அவ்வளவுதான் அவருடைய அதிகாரம். அந்தப் போன் மகிமையால்தான் இன்றைக்கும் 'முன்னாள்' கார்ப்பரேட்டர்கள் ஆபீஸ் வாசலில் காலை எட்டு மணிக்குக் கூட்டம் நிற்கிறது.

இப்போது ஒவ்வொரு ரேட்டும் எந்த அறையில் முடிவாகிறது என்று பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே அளவுக்குச் சொல்லப்போவதில்லை, தண்ணீரிலும் மெட்ரோவிலும்தான் விஷயம் அதிகம்.

தண்ணீர் ரேட் 2014இல் ஏறியது, அடுத்து 2025இல். நடுவில் பதினோரு வருஷம். ஓட்டுக்குப் பயந்து யாரும் கை வைக்கவில்லை. இந்த ஊர் காவேரித் தண்ணீர் எப்படி வருகிறது என்று யோசித்தால் இது எவ்வளவு விசித்திரம் என்று தெரியும். சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி தொரேகாடனஹள்ளியிலிருந்து, ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரத்துக்குப் பம்பு போட்டு ஏற்றி அனுப்புகிறார்கள். மேட்டூருக்குக் கீழே காவேரி தானாக இறங்கிப் போகிறது, இங்கே கரண்ட் கட்டித் தூக்கவேண்டியிருக்கிறது. போர்டின் செலவில் பெரும்பகுதி கரண்ட் பில். கரண்ட் ரேட் நடுவில் பலமுறை ஏறியது, தண்ணீர் ரேட் அப்படியே நின்றது. 2024 அக்டோபர் 16ஆம் தேதி காவேரி ஐந்தாம் கட்டத்தைத் திறந்தார்கள், நாளுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகத் தூக்கும் திட்டம், ஜப்பான் கடன். தூக்குகிற தண்ணீர் கூடினால் கரண்ட் பில்லும் கூடும், கடனுக்குத் தவணையும் கட்டவேண்டும். அடுத்த ஆறே மாதத்தில் ரேட் ஏறியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஏற்றியதை நான் தப்பு என்று சொல்லவில்லை. சொல்லப்போனால் காவேரி இணைப்பு இருக்கிறவர்கள் இந்த ஊரில் பாக்கியசாலிகள். 2024 பிப்ரவரி, மார்ச்சில் போர்வெல்கள் வற்றின, அரசு சொன்ன கணக்கில் 13,900இல் 6,900 வற்றிவிட்டன. டேங்கர்காரர்கள் வாய்க்கு வந்ததைக் கேட்டார்கள். மாவட்ட நிர்வாகம் உச்சவரம்பு வைத்தது: ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் டேங்கர் 600 ரூபாய். அதாவது கட்டுப்படுத்திய விலையே ஆயிரம் லிட்டருக்கு 100 ரூபாய். அதே ஆயிரம் லிட்டருக்குக் காவேரி இணைப்புக்காரர் முதல் படியில் கொடுப்பது 2025 ஏற்றத்துக்குப் பிறகும் 8.50தான். குழாய் போகாத புறநகரில், வாடகை குறைவு என்று போய்க் குடியேறியவர்தான் பன்னிரண்டு மடங்கு கொடுக்கிறார். பதினோரு வருஷம் ரேட்டை ஏற்றாமல் இருந்ததும் ஒரு முடிவுதான். அந்த முடிவின் லாபம் குழாய் இருக்கிற பழைய ஊருக்குப் போனது, அதற்கு ஈடாகப் புறநகருக்குக் குழாய் போவது தள்ளிப்போனது. இதை எந்தச் சபையிலும் வைத்து யாரும் கேட்டதில்லை.

இன்னொன்று, படி வைத்து ரேட் போடும்போது ஒரு மீட்டருக்குப் பின்னால் எத்தனை குடும்பம் இருக்கிறது என்பது முக்கியம். எங்கள் பில்டிங் இணைப்பு ஒரே வீடு என்று பதிவாகியிருக்கிறது. நாலு குடும்பத்துக்கும் தனித்தனி மீட்டர் இருந்து ஆளுக்குப் பத்தாயிரம் லிட்டர் என்றால், ஒவ்வொருவருக்கும் 98 ரூபாய், நாலுக்கும் சேர்த்து 392. ஒரே மீட்டர் என்பதால் அதே தண்ணீர் மேல் படிக்குப் போய் 833 ஆகிறது. நிறையச் செலவழிக்கும் பணக்காரர் அதிகம் கட்டட்டும் என்று வைத்த ஏணியில் ஒண்டுக்குடித்தனக்காரர்கள் ஏறி நிற்கிறோம். சிவாஜிநகர், நீலசந்திரா, ஸ்ரீராமபுரம் பக்கம் பாதி ஊர் இப்படித்தான் இருக்கிறது. வார்டில் நடந்து திரிகிற ஒரு கார்ப்பரேட்டருக்கு இது தெரிந்திருக்கும். ரேட் போட்ட அறையில் அப்படிப்பட்ட ஆள் யாரும் இல்லை.

இனி ஒவ்வொரு ஏப்ரல் 1ஆம் தேதியும் தண்ணீர் ரேட் தானாக 3 சதவீதம் ஏறும் என்று அதே உத்தரவில் எழுதிவிட்டார்கள். பதினோரு வருஷத் தூக்கத்தைவிட இது மேல். ஆனால் ஒன்று, இனி யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை.

மெட்ரோ கதை வேறு மாதிரி. 2017க்குப் பிறகு ஏறாத கட்டணம் 2025 பிப்ரவரி 9ஆம் தேதி ஏறியது. அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாய். சில தூரங்களுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகி, ஊரே கத்தியது, ஐந்து நாளில் கொஞ்சம் குறைத்து, எந்தப் பயணத்துக்கும் 71 சதவீதத்துக்கு மேல் ஏற்றமில்லை என்று ஆக்கினார்கள். 71 சதவீதம் சலுகையாகத் தெரிந்தது என்றால் முதலில் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பயணிகள் எண்ணிக்கை உடனே இறங்கியது.

யார் ஏற்றினார்கள் என்று கேட்டதற்கு மாநிலத்தில் ஆளும் காங்கிரஸ் மத்திய அரசைக் காட்டியது, பாஜக மாநில அரசைக் காட்டியது. சட்டப்படி இருவரும் நேரடியாக ஏற்றவில்லை என்பதுதான் வேடிக்கை. 2002ஆம் வருஷத்து மெட்ரோ சட்டப்படி கட்டணத்தைத் தீர்மானிக்க மத்திய அரசு மூன்று பேர் கமிட்டி ஒன்றை நியமிக்கும். இந்த முறை தலைவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி ஆர். தாரணி. மற்ற இருவரில் ஒருவர் மத்திய அரசுத் தரப்பு, ஒருவர் மாநிலத் தரப்பு. கமிட்டி சொல்வது மெட்ரோ நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும் என்று சட்டம் சொல்கிறது. அரசியல்வாதிகள் தலையிடக்கூடாது என்று யோசித்து வைத்த ஏற்பாடுதான் இது, காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆனதென்றால், கமிட்டி அறிக்கை கொடுத்துவிட்டுக் கலைந்துவிட்டது, கட்டணம் ஏறிய பிறகு அதற்குப் பொறுப்பு என்று நிற்க ஒருவரும் இல்லை. அறிக்கையையே பொதுவில் வைக்கவில்லை. தெற்கு பெங்களூர் எம்பி தேஜஸ்வி சூர்யா உயர் நீதிமன்றம் போன பிறகு 2025 செப்டம்பரில்தான் அது வெளியே வந்தது. கட்டணம் ஏறி ஏழு மாதம் கழித்து, ஏன் ஏறியது என்று படித்துக்கொள்ளலாம்.

பஸ்ஸைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. மாநில அமைச்சரவை கூடியது, 15 சதவீதம் என்றது, 2025 ஜனவரி 5ஆம் தேதி ஏறிவிட்டது. குறைந்தபட்சக் கட்டணம் ஐந்திலிருந்து ஆறு. பத்து வருஷத்துக்குப் பிறகு. கன்டக்டரிடம் ஒரு ரூபாய் சில்லறைச் சண்டை திரும்பி வந்ததுதான் மிச்சம். 2023 ஜூன் 11இலிருந்து சக்தித் திட்டத்தில் பெண்களுக்கு ஜீரோ டிக்கெட் என்பதால் எங்கள் வீட்டில் மனைவிக்கு ஏற்றமே தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். ஒரே வீட்டுக்குள் கோபம் இப்படிப் பாதியாகிவிடுகிறது. கரண்டும் அப்படித்தான், கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட் வரை இலவசம் என்பதால் பாதி வீடுகளில் பில்லைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பார்க்கவேண்டிய இடம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால் இந்த ஐந்து ரேட்டில் கரண்ட் ரேட் ஒன்றுக்குத்தான் ஒழுங்கான விவாத மேடை இருக்கிறது. பெஸ்காம் தானாக ஏற்ற முடியாது. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் வரவு செலவுக் கணக்கோடு மனுப் போடவேண்டும், அந்த மனுவைப் பொதுவில் வைக்கவேண்டும், யார் வேண்டுமானாலும் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம், விசாரணை நாளில் போய் நின்று பேசலாம். ஆணையம் தன் உத்தரவில் ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் பெஸ்காம் என்ன பதில் சொன்னது, தாங்கள் என்ன நினைக்கிறோம் என்று எழுதவேண்டும். 2025 ஏப்ரலில் வீட்டுக் கரண்ட் யூனிட்டுக்கு 5.90இலிருந்து 5.80 ஆகக் குறைந்தது, ஆனால் நிலையான கட்டணம் கிலோவாட்டுக்கு 120இலிருந்து 145 ஆனது, அதோடு ஊழியர் ஓய்வூதியத்துக்கென்று யூனிட்டுக்கு 36 பைசா சேர்ந்தது. ஒரு கையால் பத்துப் பைசா கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்ட கணக்கு. ஆனால் எது எதற்காக என்று நூற்றுக்கணக்கான பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்கும் குப்பைக்கும் அப்படி ஒரு பக்கம்கூட கிடையாது. கரண்ட் விசாரணைக்குப் போய்ப் பேசுகிறவர்கள் யாரென்றால் தொழிற்சங்கங்கள் இல்லை, பெரும்பாலும் தொழிலதிபர் சங்கங்கள். அவர்களுக்குப் பில் வருகிறது, அதனால் போகிறார்கள்.

வேறு ஊரில் எப்படி என்று பார்த்தால், சென்னையும் ஏறக்குறைய இதே கதைதான், மெட்ரோ வாட்டர் தனி, எம்டிசி பஸ் தனி. மும்பைதான் வித்தியாசம். அங்கே தண்ணீர் மாநகராட்சியின் சொந்தத் துறை, பெஸ்ட் பஸ்ஸும் மாநகராட்சியின் நிறுவனம். கார்ப்பரேட்டர்கள் உட்காரும் பெஸ்ட் கமிட்டி என்று ஒன்று உண்டு, ரேட் விஷயம் அங்கே வந்து அடிபடும். தாராவித் தமிழர் ஒருவர் பஸ் டிக்கெட் ஏறியதற்குத் தன் கார்ப்பரேட்டரைத் திட்டினால் அதில் அர்த்தம் உண்டு. ஆனால் 2025 மே மாதம் பெஸ்ட் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்திலிருந்து பத்தாக, ஒரே அடியில் இரட்டிப்பானபோது அங்கேயும் சபை இல்லை. 2022 மார்ச்சிலேயே காலம் முடிந்து அதிகாரி ஆட்சி நடந்துகொண்டிருந்தது. ஆக ஏற்பாடு நன்றாக இருந்து ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் மும்பையே உதாரணம்.

இப்போது பெங்களூரில் ஐந்து மாநகராட்சிக்கும் மேலே கிரேட்டர் பெங்களூர் ஆணையம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். வாட்டர் போர்டு, பெஸ்காம், பிஎம்டிசி, மெட்ரோ, பிடிஏ என்னும் பெங்களூர் வளர்ச்சி ஆணையம் எல்லாவற்றின் தலைவர்களும் அதில் உறுப்பினர்கள், ஐந்து மேயர்களும் உறுப்பினர்கள். இவர்கள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார ஏற்பாடு செய்திருப்பதை நல்ல விஷயம் என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒரே தெருவை வாட்டர் போர்டு தோண்டி மூடிய மறு வாரம் பெஸ்காம் தோண்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் தலைவர் முதலமைச்சர். மேயர் அங்கே பல உறுப்பினரில் ஒருவர். மேயர் பதவிக் காலத்தை ஒரு வருஷத்திலிருந்து இரண்டரை வருஷமாக நீட்டியிருக்கிறார்கள், அது பெரிய முன்னேற்றம், ஒரு வருஷ மேயர் நாற்காலி சூடாவதற்குள் இறங்கிவிடுவார். வார்டுகளும் 198இலிருந்து ஐந்து மாநகராட்சிக்கும் சேர்த்து 369 ஆகிவிட்டன, வார்டு சின்னதானால் கார்ப்பரேட்டரைத் தெருமுனையிலேயே பிடிக்கலாம். ரேட்? அது இருந்த அறைகளிலேயே இருக்கிறது. புதுச் சட்டம் வாட்டர் போர்டின் ரேட்டையோ பிஎம்டிசி கட்டணத்தையோ எந்த மாநகராட்சி சபையிடமும் கொடுக்கவில்லை.

ஓட்டுக் கேட்டு வருகிறவர் தண்ணீர் ரேட்டைக் குறைக்கிறேன் என்று சொன்னால் நம்பாதீர்கள், அவரால் முடியாது. குப்பைக் கட்டணத்தை, வீட்டு வரியை, அதோடு ஒட்டிக்கொண்டு வரும் செஸ்களைப் பற்றிக் கேளுங்கள், அது அவர் சபைக்கு வரும். ஒரே மீட்டர் நாலு குடும்பம் விஷயத்தையும் கேட்கலாம், வாட்டர் போர்டுக்குத் தீர்மானம் போட்டு அனுப்பவாவது சபையால் முடியும்.

எங்கள் மாடிப்படிக் கூட்டம் முக்கால் மணி நேரம் நடந்தது. வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருக்கிற கீழ் வீட்டு அக்கா, தன் வீட்டுக்கும் ஆறு பேர் வீட்டுக்கும் ஒரே ரேட்டா என்று கேட்டார். ஓனர் அம்மா யோசித்து, அவருக்கு இருநூற்றைம்பது, ஆறு பேர் வீட்டுக்கு முந்நூற்றைம்பது என்று மாற்றினார். ஆறு பேர் வீட்டுக்காரர் முனகினார், அப்புறம் ஒத்துக்கொண்டார். கேஜிஎஃப்காரர் பில்லை மாதாமாதம் படிக்கட்டில் ஒட்டவேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டார், அதற்கும் சரி என்றார். வருஷா வருஷம் 3 சதவீதம் ஏறுமாமே, அதற்கு என்ன செய்வது என்று நான் கேட்டேன். "அடுத்த ஏப்ரல்ல இதே மாதிரி உக்காந்து பேசிக்கலாம்ப்பா" என்று நோட்டை மூடினார்.